இல்லாத கைபேசிகளின் இருப்புக் கணக்கு

கையில் எடுக்கவே முடியாத கைபேசிகளுக்கு உறை வாங்கிக் கொடுத்த நிறுவனம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த உறைகள் இன்னமும் என் மேஜைக்கு அடியில், பிரிக்காத பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றின் மேல் கால் வைத்துக்கொண்டுதான் கடைசி நாள்வரை வேலை பார்த்தேன். உயரம் சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

எங்கள் நிறுவனம் பொதுமக்களுக்காக ஒரு செயலி தயாரிக்கிறது. வரிசையில் நிற்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் வீட்டில் இருந்தபடியே வரிசையில் நிற்கலாம் என்பது அதன் பெருமை. வரிசையே இல்லாமல் செய்வதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். பேசினால் எங்கள் பிழைப்பு போய்விடும். ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியே போவதற்கு முன்னால், அது எல்லா வகைக் கைபேசியிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அத்தனை கைபேசிகளை வாங்கி அடுக்கக் கட்டுப்படியாகாது என்பதால் சிமுலேட்டர்களை வைத்துப் பார்ப்பேன். சிமுலேட்டர் என்றால் கணினித் திரைக்குள் தெரிகிற பொய்க் கைபேசி. பெரியது, சிறியது, பழைய மாதிரி, புதிய மாதிரி என்று எது வேண்டுமோ அதை உண்டாக்கிக்கொள்ளலாம். தட்டினால் திறக்கும், எழுதினால் எழுதும். கீழே விழுந்து உடையாது, ஏனென்றால் விழ முடியாது.

பொய்யாக இருந்தாலும் அதற்கும் மூப்பு உண்டு. சோதனைக்காகப் போட்ட பொய்ப் பெயர்களும் பழைய தகவல்களும் நாள்பட நாள்பட உள்ளே குப்பையாகச் சேர்ந்துவிடும். சிலது திறக்கவே திறக்காது, கறுப்புத் திரையோடு அப்படியே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து வைத்தியம் பார்க்க முடியாமல் நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கணினிக்கு வரிசையாகச் சொல்லி வைத்த ஏவல்கள். எல்லாச் சிமுலேட்டரையும் நிறுத்து, எல்லாவற்றையும் அழி, அதே மாதிரிகளில் அதே பெயர்களில் புதிதாக உண்டாக்கு. அவ்வளவுதான். ஒரு வரி தட்டினால் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் புத்தம்புதிதாக வந்து நிற்கும். அழிந்ததற்கும் உண்டாவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் திரை வெறிச்சென்று இருக்கும். பழசும் இல்லை, புதுசும் இல்லை, யாரும் எதையும் என்னிடம் கேட்க முடியாது. என் வேலையிலேயே எனக்குப் பிடித்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இந்தக் கதை நடந்த சமயத்தில் என் கண் முழுக்க விடுப்பின் மேல் இருந்தது. தங்கைக்கு நிறைமாதம். அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. எப்போது கரைக்கு வருவார் என்பது கப்பலுக்கே தெரியாது. எங்களுக்கு அம்மா இல்லை. போன தடவை அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. அன்றைக்கும் எனக்கு விடுப்பு கிடைக்காததால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தாள். அதிலிருந்து நான் விடுப்பை, சிலர் நகை சேர்ப்பதுபோல, சேர்க்க ஆரம்பித்தேன். காய்ச்சலோடு வேலைக்கு வந்தேன். பல்வலியில் கன்னம் வீங்கி வந்தேன். வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்த அன்றைக்கு வாளியை வைத்துவிட்டு வந்தேன். இயக்குநரும் வாய் திறந்து சொல்லியிருந்தார்: “புது வெர்ஷன் வெளிய போகட்டும்மா, நீங்க தாராளமா போயிட்டு வாங்க.” அவர் வாயிலிருந்து ‘தாராளமா’ வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஆண்டுக் கணக்கெடுப்பு வந்தது. சொத்துப் பிரிவு அதிகாரிக்கு எங்கள் கட்டடத்தில் ‘ஸ்டிக்கர்’ என்று பெயர். அவர் கண்ணில் பட்ட பொருள் எதுவும் எண் ஒட்டாமல் தப்பியதில்லை. குப்பைக் கூடைக்கு ஒட்டுவார், கூடையின் மூடிக்குத் தனியாக ஒட்டுவார். ஒருமுறை வரவேற்பறையில் அசந்து தூங்கிய விருந்தாளி ஒருவரின் பெட்டி, எண்ணோடு வீடு போய்ச் சேர்ந்து, பிறகு எங்கள் சொத்தாகத் திரும்பி வந்தது. அவர் என் பின்னால் வந்து நின்று திரையைக் குனிந்து பார்த்தார்.

“இதெல்லாம் என்ன மேடம்?”

“சிமுலேட்டர் சார். போன் மாதிரி. நெசப் போன் இல்ல.”

“தட்டினா வேல செய்யுதா?”

“செய்யும் சார்.”

“அப்ப ஸ்டிக்கர் ஒட்டணும்.”

“ஒட்ட இடம் இல்லையே சார். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு.”

“வேல செய்யற பொருளுக்கு ஒட்டணும். வேல செய்யாததுக்கும் ஒட்டணும், ஆனா வேற கலர்ல. உள்ள இருக்கறதுக்கு ஒட்டக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல. பீரோவுக்குள்ள இருக்கற பொருளுக்கு நாங்க ஒட்டலையா?”

ஒட்டினார். ஒவ்வொரு சிமுலேட்டரையும் திறக்கச் சொல்லி, அது திரையில் எங்கே தெரிகிறதோ அங்கே கண்ணாடியின் மேலேயே ஒட்டினார். “இனிமே இத நகத்தாதீங்க. நகத்தணும்னா இடமாற்ற உத்தரவு வாங்கிக்குங்க” என்றார். ஒவ்வொரு சிமுலேட்டருக்கும் பிறக்கும்போதே கணினி கொடுக்கிற ஓர் அடையாள எண் உண்டு. எழுத்தும் இலக்கமுமாகச் சரக்கு ரயில்போல நீளும். அதை ஒன்றுவிடாமல் கையால் எழுதிக்கொண்டார். நடுநடுவே விரலை உதறிக்கொண்டார். அந்த உழைப்புக்கு மட்டும் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். கடைசியில் எல்லாச் சிமுலேட்டரும் என் பொறுப்பில் இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான் செயலியை ஸ்டிக்கர்களின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். பிழைச் செய்தி வந்தால் பாதி தெரியும், மீதியை ஊகித்துக்கொள்வேன். சார்ஜர் இல்லாத கைபேசி முழுமையான சொத்து ஆகாது என்று அடுத்த வாரம் சார்ஜர்கள் வந்தன. உறை இல்லாவிட்டால் தேய்மானம் அதிகம் என்று உறைகள் வந்தன. ஒரு நாள் மாலை பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்து, கைபேசிகளைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கணினியை அணைத்துக் காட்டினேன். “எல்லாம் உள்ளதான இருக்கு?” என்று கேட்டுத் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதிய பதிப்பு வெளியாக வேண்டிய வாரத்தில் சிமுலேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. முக்கால்வாசி கறுப்புத் திரை. தங்கை காலையில்தான் பேசியிருந்தாள். “டாக்டர் எப்ப வேணா ஆகலாம்னு சொல்லிட்டாங்கக்கா. நீ வந்துடுவல்ல?” என்று கேட்ட குரலில் பழைய பயம் இருந்தது. நான் யோசிக்கவில்லை. வழக்கம்போல ஒரு வரி தட்டினேன். தேநீர் குடித்தேன். எல்லாம் புதிதாக வந்து நின்றன. சோதித்து முடித்தேன், பதிப்பு வெளியே போயிற்று, விடுப்பு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பெட்டி கட்டலாம் என்று நிமிர்ந்தால் ஸ்டிக்கர் நிற்கிறார். திடீர்ச் சோதனையாம்.

முதல் சிமுலேட்டரின் எண்ணைப் படித்தார், கையிலிருந்த ஏட்டைப் பார்த்தார். இரண்டாவதைப் படித்தார். நாலைந்து பார்த்ததும் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் போச்சு.”

“எதுவும் போகல சார். அழிச்சுட்டுப் புதுசா உண்டாக்கினேன். அதே பேரு, அதே மாடல்.”

“பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணா? என் பேருல இந்தக் கட்டடத்துலயே இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க சம்பளத்த நான் வாங்கிக்கலாமா? பழசு அத்தனையும் களவு போயிருக்கு. அதே எண்ணிக்கையில புதுசு, ரசீது இல்லாம உள்ள வந்திருக்கு. ரெண்டும் உங்க டேபிள்ல.”

திருட்டு ஒன்று, கடத்தல் ஒன்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இவ்வளவு சுத்தமாக முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை.

விசாரணைக்குழு கூடியது. இயக்குநர் நடுவில், ஸ்டிக்கர் வலப்பக்கம், மனிதவளப் பிரிவு மேடம் இடப்பக்கம். மனிதவள மேடம் நல்லவர், யாரைப் பார்த்தாலும் புன்னகைப்பார். எங்கள் அலுவலகத்தில் கெட்டது நடக்கும்போதெல்லாம் முதலில் தெரிவது அந்தப் புன்னகைதான். இயக்குநர் எழுந்து நின்று பேசினார். மூன்று பேர் இருக்கிற அறையிலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“இந்த நிறுவனத்தின் வரலாற்றில் எதுவும் அழிக்கப்பட்டதில்லை. மேல்மாடியில் போய்ப் பாருங்கள். உடைந்த நாற்காலிகள், ஓடாத விசிறிகள், எனக்கு முன்னால் இருந்தவர் தொடங்கிய திட்டங்கள், எல்லாம் ஒட்டிய எண்ணோடு அப்படியே இருக்கின்றன. நான் பொறுப்பேற்ற நாள் முதல் ஒரு பிரச்சினையைக்கூட நான் ஒழித்ததில்லை, பாதுகாத்திருக்கிறேன். ஒரு பொருளை ஒழிக்க வேண்டுமானால் முதலில் குழு கூட வேண்டும். குழுவைக் கூட்ட இன்னொரு குழு கூட வேண்டும். அதற்குள் பெரும்பாலான பொருள்கள் தாமே ஒழிந்துவிடும். அதுதான் நிர்வாகம். இந்த அம்மையார் ஒரே வரியில் முடித்திருக்கிறார். எல்லோரும் ஒரே வரியில் முடித்தால், நாமெல்லாம் எதற்கு?”

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் விடுப்பு வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

“அழிச்சீங்கன்னா மிச்சம் எங்க?” என்றார் ஸ்டிக்கர். “நாற்காலிய உடைச்சா கட்டை இருக்கும். ஃபேன உடைச்சா இறக்கை இருக்கும். இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இருக்காது சார்.”

“மிச்சம் இல்லாம போறதுக்குப் பேருதான் திருட்டு.”

எனக்கு அலுத்துவிட்டது. இவர்களுக்கு வாயால் சொல்லி விளங்காது, கண்ணால் பார்த்தால் விளங்கும் என்று நினைத்தேன். “ஒரு தடவ ஓட்டிக் காட்டவா சார்?” என்று கேட்டேன். இயக்குநர் தலையாட்டினார். என் கணினியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்து அந்த ஒரு வரியைத் தட்டினேன். திரை வெறிச்சென்று ஆனது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு சிமுலேட்டர்கள் ஒவ்வொன்றாகப் புதிதாக முளைத்தன.

“பாத்தீங்களா சார், இவ்வளவுதான்” என்றேன்.

ஸ்டிக்கர் புதிய எண்களைப் படித்துவிட்டு, எழுந்தே விட்டார். “மறுபடியும் போச்சு! கமிட்டி கண்ணு முன்னாலயே!”

ஆக, காணாமல் போன கைபேசிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது, அதற்குச் சாட்சிகளும் கிடைத்தார்கள். குழு இரண்டு தீர்மானம் போட்டது. முதலாவது, இந்த ஆபத்தான ஸ்கிரிப்டை இனி இந்த ஊழியரைத் தவிர வேறு எவரும் தொடக் கூடாது. இவரும் இயக்குநர் முன்னிலையில்தான் தொட வேண்டும். இரண்டாவது, தொலைந்த சொத்துக்குக் கணக்கு நேராகும்வரை இந்த ஊழியருக்கு விடுப்பு கிடையாது.

“சார், என் தங்கச்சிக்குப் பிரசவம். யாரும் இல்ல சார். போன தடவ கொழந்த…” என்று ஆரம்பித்தேன்.

“ஐயோ பாவம்” என்றார் இயக்குநர், நிஜமாகவே வருத்தப்பட்டு. “ஆனா பாருங்கம்மா, சொத்து உங்க பேர்ல நிக்குது. உங்க பேரு இருக்கறவரைக்கும் நான் என்ன பண்ண முடியும்?”

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். தங்கையைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இல்லாத போனுக்காக இருக்கிற ஒருத்தியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் அந்த உடைந்த நாற்காலிகளோடு எனக்கும் ஒரு எண் ஒட்டி உட்கார வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

“கெளம்பிட்டியாக்கா?”

“கெளம்பறேன்டி.”

“பொய் சொல்றப்ப நீ இப்படித்தான் மெதுவா பேசுவ” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மனிதவள மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புன்னகை வழக்கத்தைவிட அகலமாக இருந்ததால் நான் ஒரு படி நகர்ந்து உட்கார்ந்தேன்.

“ஒரு ஐடியா தோணிச்சு. உங்க ஸ்கிரிப்ட்டப் பாத்துதான் தோணிச்சு. பழச அழிச்சுட்டு அதே பேருல புதுசா உண்டாக்குது, உள்ள இருந்த குப்பை எல்லாம் போயிடுது. எவ்வளவு சுத்தமா இருக்கு! அதையே உங்களுக்கும் பண்ணிட்டா?”

“எனக்குன்னா?”

“உங்க ஊழியர் எண்ண அழிச்சுடறோம். அதே பேரு, அதே வேல, அதே டேபிள். புது எண்ணுல புதுசா சேக்கறோம். தொலைஞ்ச சொத்தெல்லாம் பழைய எண்ணுல நிக்கும். அந்த எண்ணே இல்லன்னா யார்கிட்ட கேக்க முடியும்? டைரக்டரும் சரின்னுட்டாரு. ஸ்டிக்கர் சார்கூட ஒத்துக்கிட்டாரு, உங்க பழைய அடையாள அட்டை மிச்சமா கெடைக்கும்ல.”

“நான் சேத்து வச்ச லீவு?”

“அது பழைய ஆளோட லீவு மேடம்.”

“அப்ப என் சர்வீஸு?”

“அதுவும் அவங்களோடதுதான். புது ஆளுக்கு ஆறு மாசம் கழிச்சுதான் லீவு ஆரம்பிக்கும்.”

காய்ச்சலும் பல்வலியும் வெடித்த குழாயும் குப்பையோடு குப்பையாகப் போயின. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே பூதம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நான் என்ன சொன்னேன் என்பது அதற்குள் ஒரு பொருட்டாக இல்லை. அழிப்பதற்கு ஒரே ஒரு பொத்தான்தானாம், என்னிடம் பேச வருமுன்பே அழுத்திவிட்டு வந்திருந்தார்.

என் மேஜைக்குத் திரும்பினேன். கணினி என்னை அடையாளம் தெரியவில்லை என்றது. ஸ்டிக்கர் என் பழைய அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, துண்டுகளுக்குத் தனித்தனியே எண் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பல நாள் கழித்து நிம்மதி தெரிந்தது.

“புது எண் எப்ப வரும் மேடம்?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் கொஞ்சம் டைம் ஆகும். புது ஆள சேக்கறதுன்னா கமிட்டி உக்காரணும். டைரக்டர் வெளியூர் போறாரு, வந்ததும் பேசணும். அப்புறம் மெடிக்கல், சரிபார்ப்பு… ஒரு ஒண்ணு ரெண்டு மாசம் ஆகலாம். நீங்க எப்பவும்போல நாளைக்கு வந்து உக்காருங்க.”

“யாரா வந்து உக்காரட்டும்?”

அவர் புன்னகைத்தார்.

நான் நின்றேன். என் ஸ்கிரிப்டை நான்தான் எழுதினேன்; அதில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் எல்லாம் அழியும், பிறகு எல்லாம் உண்டாகும். நடுவில் கொஞ்ச நேரம் திரை வெறிச்சென்று இருக்கும். பழசும் இல்லை, புதுசும் இல்லை. இந்த நிறுவனத்தில் அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு மாதம். விடுப்பு ஊழியருக்குத்தானே மறுக்க முடியும்? பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வாசலில் காவலாளி அண்ணன் அட்டையைக் கேட்டார்.

“இல்லண்ணே. என்னை அழிச்சுட்டாங்க.”

அவர் தன் கணினியைத் தட்டிப் பார்த்தார். “ஆமா, உங்க பேரே இல்லையே. அப்ப நீங்க இன்னிக்கு உள்ளயே வரல. உள்ள வராதவங்கள நான் எப்படி வெளிய விடறது?”

“உள்ள வரலன்னா நான் வெளியதானண்ணே இருக்கேன்?”

அவர் தலையைச் சொறிந்து யோசித்தார். எங்கள் நிறுவனத்தில் ஒருவர் யோசித்து நான் பார்த்தது அது ஒருமுறைதான். “அதுவும் சரிதான்” என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். “தங்கச்சிக்கு எப்படி இருக்கு?” என்று அவர் கேட்டபோது, இதை அத்தனை அதிகாரிகளில் ஒருவரும் கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது.

பேருந்து பிடித்து, இன்னொரு பேருந்து பிடித்து, அவளைப் பிரசவ அறைக்குள் அழைத்துப்போவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது, வலியா அழுகையா தெரியவில்லை.

“எப்படிக்கா விட்டாங்க?”

“விடல. நான் இப்ப இல்லடி, அதனால வந்துட்டேன்.”

“லூசு” என்று என் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இந்த முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெற்றாள். பெண் குழந்தை. பிறந்ததும் அழாமல் ஒரு கணம் சும்மா இருந்தது. அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு ஊரைக் கூட்டியது.

மறுநாள் குழந்தை என் மடியில் இருக்கும்போது இயக்குநர் கூப்பிட்டார். வெளியூரிலிருந்து பேசினார், பின்னால் கைதட்டல் கேட்டது.

“அம்மா, வெளியிட்ட பதிப்புல ஏதோ பிரச்சினையாம். வரிசையில நிக்கறவங்க எல்லாம் ஒரே நம்பர்ல நிக்கறாங்களாம். திருத்தின பதிப்ப சோதிக்கறேன்னு ராத்திரி முழுக்க ஆளாளுக்குத் தட்டினதுல இப்ப சிமுலேட்டர் ஒண்ணுகூட தெறக்கலயாம். நீங்க கொஞ்சம் வந்து அந்த ஸ்கிரிப்ட்ட ஓட்டிட்டுப் போயிடுங்க.”

“அத ஒரே ஒரு ஊழியர்தான் ஓட்டலாம்னு கமிட்டி தீர்மானம் இருக்கே சார்.”

“ஆமா, நீங்கதான?”

“அவங்கள அழிச்சாச்சே சார். நான் இன்னும் உண்டாகல.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முதல் முறையாக அவர் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. “சரி… உங்க புது எண்ண சீக்கிரம் போடச் சொல்றேன். எவ்வளவு நாள்ல ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

“தெரியும் சார். முதல்ல கமிட்டி கூடணும். அதக் கூட்ட இன்னொரு கமிட்டி கூடணும்.”

அந்த நேரம் பார்த்து மடியில் இருந்தவள் வீறிட்டாள்.

“யாரது பக்கத்துல?” என்றார் இயக்குநர்.

செவிலி கட்டிவிட்டுப் போன எண் பட்டை அந்தச் சின்னக் காலில் தளர்வாகத் தொங்கியது. அதை மெதுவாகச் சரிசெய்துகொண்டே சொன்னேன்:

“நேத்துதான் சார் வந்தா. வந்த உடனே எண்ணு கட்டிட்டாங்க.”